நிறம் தப்பாத திரை

திரை முழுக்கக் கருப்புப் புள்ளிகள். இடையிடையே பச்சை, ஓரத்தில் சீழ் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள். லேப்டாப் கடை விற்பனையாளனுக்குக் காலையில் சாப்பிட்டது தொண்டை வரை வந்துவிட்டது.

"தோல் டாக்டருங்களா சார்?" என்று கேட்டான், முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டே.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்தபடி படத்தைச் சின்னதாக்கினார். தோல் இல்லை, சுவர். ஜன்னலுக்குக் கீழே பூஞ்சை பிடித்து, பெயின்ட் உரிந்து தொங்கும் ஒரு படுக்கையறைச் சுவர்.

"வீட்டு புரோக்கர் தம்பி. வாடகைக்கு விடற வீட்டையெல்லாம் நானே போட்டோ எடுத்து, நானே சரி பண்ணி நெட்ல போடுவேன். பழைய லேப்டாப் ஒரு போட்டோவத் திறக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடுது."

விற்பனையாளனுக்குப் பூஞ்சை புதிதில்லை. அவன் இருக்கும் கீழ்த்தள வீட்டிலும் அதுதான் ஜம்மென்று குடித்தனம் நடத்துகிறது, வாடகை மட்டும் இவன் கட்டுகிறான். ஈரம் ஏறினால் போதும், மகளுக்கு வீசிங் வந்துவிடும். இன்னும் ஒரு லேப்டாப் விற்றால் இந்த மாத ஊக்கத்தொகை கைக்கு வரும், வந்ததும் நல்ல வீடாகப் பார்த்து மாறிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அவளும் வீடு வீடு என்று போனும் கையுமாகத்தான் இருக்கிறாள்.

புரோக்கர் கொண்டுவந்திருந்த பென் டிரைவை அடுத்த லேப்டாப்பில் செருகி, அதே படத்தைத் திறந்தான்.

"நீங்க பாத்தது எட்டு ஜிபி ரேம் சார், பெரிய படம்னா திணறும். இது பதினாறு. கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கு. முக்கியமா ஸ்க்ரீனப் பாருங்க, எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கலர் மாறாது."

மாறவில்லைதான். முந்தைய திரையில் சும்மா சாம்பலாகத் தெரிந்த இடமெல்லாம் இதில் நசநசவென்று மின்னியது. காசு கூடக் கூடக் குமட்டலும் கூடும் போலிருக்கிறது.

"அடேங்கப்பா, நாத்தமே அடிக்குது!" என்று ரசித்தார் புரோக்கர். "சரி, இத அழிச்சுக் காட்டு. எவ்வளவு வேகம்னு பாப்போம்."

"நானா சார்?"

"விக்கிறவன்தானே தம்பி ஓட்டிக் காட்டணும்?"

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மனைவி. துண்டித்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் வேறு இவனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அழித்தான். சுத்தமான இடத்திலிருந்து ஒரு துண்டை நகலெடுத்துப் பூஞ்சைமேல் வைத்துத் தேய்த்தான். பச்சை போனது, கருப்பும் போனது. லேப்டாப் எங்கேயும் திணறவில்லை, அவனுக்குத்தான் மூச்சு முட்டியது. ஜன்னலுக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை. சனியன் தொலையட்டும் என்று, கடை லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த சாம்பிள் படம் ஒன்றிலிருந்து ஒரு பூந்தொட்டியை வெட்டி அதன்மேல் ஒட்டினான்.

புரோக்கர் தொடையைத் தட்டினார். "இதுதான்யா வேலை! நீ என்கூட வந்துடு தம்பி."

"குடிவர்றவங்க நேர்ல வந்து பாத்தா தெரிஞ்சிடாதா சார்?"

"எங்க பாக்கறது? வந்து பாக்கறதுக்குள்ள வேற எவனாவது முந்திக்குவான்னு பயம். போட்டோவப் பாத்த கையோட அட்வான்ஸ் போட்டுடுவாங்க. அப்புறம் கத்தட்டும், கதறட்டும், போட்டது போட்டதுதான்." சொல்லிக்கொண்டே கடை வைஃபையிலேயே படத்தை ஏற்றிவிட்டார்.

ச்சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று நினைத்தான் விற்பனையாளன். தொட்டியை ஒட்டியது எந்தக் கை என்று உடனே ஞாபகம் வந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் வாய் என்னவோ, "பில் போட்டுடலாமா சார்?" என்றுதான் கேட்டது.

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே புரோக்கரின் போன் சிணுங்கியது. பார்த்துவிட்டுக் கண்ணடித்தார். "மாட்டிக்கிச்சு! ராசியான லேப்டாப் தம்பி." பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

விற்பனையாளன் கழிவறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். ஒருமுறை கழுவியது போதாமல் மறுபடியும் கழுவினான். போன் திரும்ப அதிர்ந்தது.

"எத்தன தடவதாங்க கூப்பிடறது? வித்தீங்களா இல்லையா?"

"வித்துட்டேன்டி."

"எனக்குத் தெரியும்! அந்த தைரியத்துலதான் அண்ணன்கிட்ட கைமாத்து வாங்கி அட்வான்ஸ் அனுப்பிட்டேன். வீடு கெடச்சிருச்சுங்க! போன தடவ மாதிரி யோசிச்சுக்கிட்டே இருந்தா இதுவும் கைநழுவிப் போயிடும்ல?"

இனி மகள் நிம்மதியாகத் தூங்குவாள். என்ன கருமத்தைச் செய்தால் என்ன, அவளுக்காகத்தானே செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"ஈரம் கீரம் இருக்கப் போகுதுடி. சுவரெல்லாம் நல்லாப் பாத்தியா?"

"ஒரு பொட்டு ஈரம் இல்லீங்க, ஜன்னலுக்குக் கீழ பூந்தொட்டி கூட வச்சிருக்காங்க!"