பெரிய மூக்கு

பொலோனா நகரத்துப் பட்டு வியாபாரியின் மகன் ஜிபெர்தோ, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தன் படத்தைப் பார்த்தான்.

"மூக்கை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

"நேத்துதான் பெருசாக்கினேன்," என்றார் ஓவியர் ரினுச்சி. "இந்தப் படம் ஃபெராரா ஊருக்குப் போகுது. அங்க உங்களுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு இதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முன்பல்லு ஒண்ணு விழுந்த மாதிரியும் போட்டுடுங்க."

"உங்கப்பா என்னை ஊரை விட்டே துரத்திடுவார்."

"அப்பா பேச்சை என்னால தட்ட முடியாது. அந்தப் பொண்ணே வேண்டாம்னு சொல்லிட்டா நான் தப்பிச்சேன்."

"நல்ல குடும்பம், அழகான பொண்ணுன்னு சொல்றாங்க. என்ன குறை?"

"அவகிட்ட ஒரு குறையும் இல்லை." ஜிபெர்தோ தரையைப் பார்த்தான். "என் மனசு வேற ஒருத்தர்கிட்ட இருக்கு."

"அதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லாம, இங்க வந்து என் உயிரை வாங்கினா எப்படி?"

"அவங்ககிட்டதான் சொல்லிட்டிருக்கேன்."

ஓவியர் ஒர்சோலா ரினுச்சியின் தூரிகை அப்படியே நின்றது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிவந்துபோன முகத்தைப் படத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் அவளுடைய அப்பா வண்ணம் அரைக்கும் சத்தமும் நின்றது. சற்றுப் பொறுத்து, முன்னைவிடப் பலமாக மறுபடி தொடங்கியது.

"மூக்கு மட்டும் போதாது," என்றாள் ஒர்சோலா, தூரிகையைக் கறுப்பு வண்ணத்தில் தோய்த்தபடி. "நுனியில ஒரு மருவும் வச்சிடறேன்."