கெட்டுப்போன டேக்

இடுப்பு உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. நாயகிகளுக்கு டூப் போடுகிற அக்கா, சண்டைக் கலைஞர்களின் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும் மெத்தைகள்மேல் ஒருக்களித்துச் சாய்ந்து டிவி பார்க்கிறாள். வேர்வையும் தைலமும் சேர்ந்து நாறுகிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் பாதித் திரையை வெளுக்கவைக்கிறது. இந்த வருட விருதுகளுக்குப் போட்டியிடுகிறவர்களைக் கோட்டு போட்ட ஒருவன் அறிவிக்கிறான். சிறந்த நடிகை என்று அவள் டூப் போட்ட நாயகியின் பெயர் வந்ததும், மாடிப்படியில் ஒருத்தி உருண்டு விழும் காட்சி ஓடுகிறது. முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. "அக்கா, உன் முதுகு மேடை ஏறப்போவுது. வாங்கும்போது மட்டும் திரும்பிடாத" என்று பக்கத்து மெத்தையில் கிடக்கும் சண்டைக்காரப் பையன் பல்டி சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. திரையில் இடது கை கைப்பிடிக் கம்பியில் மோதித் துவள்கிறது. அன்றைக்கு மூன்று முறை விழுந்தாள். கை மோதியதும் இடுப்பில் அடிபட்டதும் கடைசி முறைதான். கெட்டுப்போன டேக்குக்குக் கூலி கிடையாது என்பது இங்கே வழக்கம். "டேய், கை தப்பா போச்சு, இந்த டேக்கு வேஸ்டுன்னுதானடா கம்பெனி மேனேஜர் சொன்னாரு?" பல்டி திரும்பித் திரையைப் பார்க்கிறான். "ஆமாக்கா. என் எதிர்லதான் சொன்னாரு." திரையில் நாயகியிடம் மைக்கை நீட்டி, விழுந்தபோது வலித்ததா என்று கேட்கிறார்கள். "லேசா" என்கிறாள் அவள், முடியை ஒதுக்கிக்கொண்டு. அக்கா தைலத்தைத் தொட்டு இடுப்பில் அழுத்தித் தேய்க்கிறாள். அந்த மூன்றாவது டேக்குக்கான கூலியும் ஆஸ்பத்திரிச் செலவும் கம்பெனி அவளுக்கு இன்னும் தரவேண்டியிருக்கிறது.