டவுன்

"மோர்வன் டவுன்."

வயர்லெஸ்ஸில் வந்தது அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

மலை மீட்புக் குழுவின் கொட்டகையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லாக்லன் அப்படியே நின்றான். கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

அந்த ஸ்காட்லாந்து மலையடிவாரத்தில், 'கீழே' என்கிற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள். பத்திரமாக இறங்கிவிட்டாலும் டவுன்தான். விழுந்து கிடந்தாலும் டவுன்தான்.

பாறை விளிம்பில், பனியில் மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவி ஒருத்தியைக் கீழே ரோட்டுக்குக் கொண்டுவர மோர்வன் கயிற்றில் இறங்கியிருந்தாள். உச்சியில் கயிற்றைப் பிடித்திருந்தது யூவனும் மற்றவர்களும். பாறை மறைத்ததால் அவள் வயர்லெஸ் உச்சிக்கு மட்டும்தான் கேட்கும், கொட்டகைக்கு எட்டாது. யூவன் சொன்னால்தான் உண்டு.

"யூவன், திரும்பச் சொல்லு," என்றான் மர்டோ. இந்த வயர்லெஸ் முன்னால் பல குளிர்காலங்களைக் கழித்தவன். வானிலை கேட்கிற அதே குரல்.

இரைச்சல்.

"தள்ளு மர்டோ. நான் பாத்துக்கறேன்," என்றான் லாக்லன்.

"வேண்டாம்."

மர்டோ பொத்தானை மறுபடி அழுத்தினான். "யூவன். அந்த வார்த்தையை விட்டுட்டு வேற வார்த்தையில சொல்லு. அவ நிக்கிறாளா?"

காற்று தகரக் கூரையை உலுக்கியது. லாக்லன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மர்டோவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

இரைச்சல் கிழிந்தது.

"நிக்கிறாளாவா? ரெண்டு பேரும் ரோட்டுல ஜம்முனு நிக்கிறாங்க! அந்தப் பொண்ணு சாக்லேட் தின்னுட்டு இருக்கு. மோர்வன் என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறா, கயிறை ஆமை மாதிரி விட்டேனாம். காதே வலிக்குதுப்பா!"

லாக்லன் சத்தம் போட்டுச் சிரித்தான். மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். வழிந்த தேநீர் நாலாபக்கமும் தெறித்தது.

"கேட்டுச்சு. நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு மர்டோ மைக்கைக் கீழே வைத்தான். தொலைபேசியில் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினான்.

மூன்றாம் முறை கிடைத்தது. மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அப்பா? என்னாச்சு?"

நாக்கு நுனிவரை வந்த அந்தச் சொல்லை மர்டோ விழுங்கினான்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. உங்கம்மா ரோட்டுல நின்னு யூவன் மாமாவைத் திட்டிக்கிட்டிருக்கா."