கப்பலில் வந்த உப்பு

“இது நெஜமாவே பிரான்ஸ் உப்புங்களா?”

“அக்மார்க் பிரான்ஸ், மேடம்! கப்பல்ல நேரா வந்து இறங்கினது” என்றான் விஜயகுமார். பெரிய முதலியார்சாவடி ரோட்டோரம் அவன் கடை. நீல ரிப்பன் கட்டிய உப்பு பாட்டில்கள்தான் அங்கே ராஜா.

கேட்ட பெண் கறுப்புக் கண்ணாடியும் கையில் ஃபைலுமாகக் காரிலிருந்து இறங்கியவள். அவளுக்கு முன்பே வந்து, மஞ்சள் பையோடு ஓரமாக நின்றிருந்தார் ஒரு அம்மா. பையில் மரக்காணம் உப்பு. “இதையும் உங்க உப்பையும் வெச்சுப் பாக்கலாமா?” என்று அவர் கேட்டதற்கே விஜயகுமார் எரிந்து விழுந்திருந்தான். “கருவாட்டுக்குப் போடுற உப்பும்மா அது. ஓரமா நில்லு.”

“கப்பல்ல வந்ததுன்னா சுங்க வரி கட்டியிருப்பீங்களே, ரசீது காட்டுங்க” என்றாள் கண்ணாடிப் பெண்.

விஜயகுமார் அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தான். கஸ்டம்ஸ்!

“ரசீது... ஆடிட்டர்கிட்ட இருக்குது மேடம்.”

“போன் போடுங்க, கேப்போம்.”

“அவரு ஊர்ல இல்லீங்க.”

“வரி கட்டாம இறக்கின சரக்குன்னா மொத்தத்தையும் அள்ளிக்கினு போயிடுவாங்க. தெரியுமில்ல?”

அவ்வளவுதான், உடைந்துவிட்டான். “மேடம், சத்தியமா இது இறக்குமதியே இல்ல. மரக்காணத்துல மூட்டையா வாங்கி, சலிச்சு, பாட்டில்ல போட்டேன்!”

“கதை விடாதீங்க. லோக்கல் உப்பு இப்படியா இருக்கும்?”

“இருக்கும் மேடம்! தொட்டுப் பாருங்க, பூ மாதிரி உதிருது. வெள்ளைக்காரங்களே தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க. நம்ம கரையில விளையற உப்புக்கு ஈடே கிடையாதுங்க!”

தன் வாயிலிருந்தா இது வருகிறது என்று அவனுக்கே வியப்பு. மஞ்சள் பை அம்மாவிடம் ஓடினான்.

“நீங்களே சொல்லுங்கம்மா. இது உங்க ஊரு உப்புதானே?”

அவர் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். “தெரியலியேப்பா. கருவாட்டு உப்புக்கா ரிப்பன் கட்டுவாங்க?”

“புத்தி கெட்டுப்போய் சொல்லிட்டேம்மா, காப்பாத்துங்க!”

தன் பையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துச் சுவைத்தார் அந்த அம்மா. முகம் மலர்ந்தது. “எங்க ஊருதான். சந்தேகமே இல்ல.”

விஜயகுமார் மளமளவென்று ரிப்பன்களைப் பிய்த்தான். ‘பிரான்ஸ் உப்பு’ என்றிருந்த போர்டைத் துடைத்து, ‘மரக்காணம் உப்பு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலிலேயே மாட்டினான். பிறகு கண்ணாடிப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டான். “கேஸ் கீஸ் போட்டுடாதீங்க, ஆபீசர் மேடம்.”

அவள் கலகலவென்று சிரித்தாள். “நான் எப்பங்க ஆபீசர்னு சொன்னேன்? என் பேரு யுவராணி. இது என் உப்பளத்துல விளைஞ்சது. வெயில்ல நின்னு வாரினது நாங்க, பேரு மட்டும் பிரான்ஸுக்கா?”

போன உயிர் திரும்பியதும் விஜயகுமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப சும்மா மிரட்டினியா? கஸ்டம்ஸ்காரங்க எப்படி இருப்பாங்கன்னாவது தெரியுமா உனக்கு?”

மஞ்சள் பையைத் துழாவி, ஓர் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார் அந்த அம்மா.

“இப்படித்தாம்பா இருப்போம். மலர்கொடி, சுங்கத்துறை. ‘பிரான்ஸ் உப்புன்னு விக்கிறாரு, வரி கட்டினாரான்னு பாருங்க’ன்னு யுவராணிதான் புகார் குடுத்துச்சு. நான் பொறந்த ஊரு உப்பே உன்னைக் காப்பாத்திடுச்சு, போ!”