பெண் வீட்டுக் காப்பி

"ஜுசாராவைப் பார்க்க வந்த குரிட்டிபாப் பையன்தானே? வா, வா, உள்ள வா!"

பெலோ ஒரிசோண்டே நகரின் மேட்டுத் தெரு ஒன்றில், செத்துப்போன கைபேசியோடு விழித்துக்கொண்டு நின்ற ஹெய்டோரை அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கன்னத்தில் ஒரு முத்தம். இன்னொன்று. ஹெய்டோர் முகத்தை விலக்கிக்கொண்டான்.

"ரெண்டோட நிறுத்தினா எப்படி? மூணாவது குடுத்தாத்தானே கல்யாணம் கூடி வரும்!"

அதற்காகத்தான் வந்திருந்தான். ஜுசாரா கல்லூரித் தோழி. தன் அம்மாவுக்குப் பிடித்தால்தான் கல்யாணம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். 'தட்டுல விழுந்ததை வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே. எங்க ஊர்ல அது அம்மாவைத் திட்டுறதுக்குச் சமம்.'

"ஜுசாரா...?"

"சர்ச்சுல பூசைக்குப் போயிருக்கா. வர்ற நேரந்தான். நீ உக்காரு."

அம்மாள் காப்பியைத் துணியில் வடிகட்டினாள். கேட்காமலே சர்க்கரை விழுந்திருந்தது. காப்பி வாசனை அடிக்கும் பாகு என்று சொல்லலாம். வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையோடு கிளிக்குப் பப்பாளி ஊட்டிக்கொண்டிருந்தார். வருங்கால மருமகனை ஒருமுறை பார்த்தார். கிளியே தேவலை என்று நினைத்திருக்க வேண்டும்.

சீஸ் ரொட்டி வந்தது. தீரத் தீர வந்தது. பிறகு சோளக் கேக். பிறகு பாலாடைக்கட்டியோடு கொய்யா அல்வா. கேள்விகளும் கூடவே.

"சம்பளம் எவ்வளவு?"

சொன்னான்.

"அவ்வளவுதானா? சரி, முன்னாடி முடி கொட்டுதே, உங்கப்பாவுக்கும் வழுக்கையா?"

அவன் ஊரான குரிட்டிபாவில் பல வருடம் பழகியவர்கள்கூட அவனிடம் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"நம்ம ஜுசாராவுக்கு முட்டை வேகவைக்கவும் வராது, தெரியுமில்ல? வாய் மட்டும் நீளம். தெருவே சொல்லும்."

பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் இப்படி ஒரு நேர்மையா! ஹெய்டோர் நெகிழ்ந்துபோனான். இடுப்பு வாரையும் ஒரு ஓட்டை நெகிழ்த்திக்கொண்டான்.

"இன்னொரு துண்டு?"

"போடுங்கம்மா."

"இவன்தான் பிள்ளை! ஏங்க, பாத்தீங்களா, மிச்சமே வைக்கலை!"

கிளி மட்டும் பாராட்டாமல் இருந்தது. போகட்டும். மாமியாரிடம் தேறிவிட்டான்.

தெருவில் ஜுசாராவின் சிரிப்பு கேட்டது. ஹெய்டோர் வாயைத் துடைத்துக்கொண்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவள் எதிர்வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தான். அம்மாள் கோப்பையைக் கழுவியபடியே சொன்னாள்:

"அதான் தம்பி அவங்க வீடு. சீக்கிரம் போ. பாவம், அவங்கம்மா நேத்துலேர்ந்து உனக்காகச் சமைச்சுக்கிட்டிருக்கா."