எக்சிட் போல் மச்சான்

"மாமா, வேன் அட்வான்ஸை இன்னிக்குக் கட்டிடாதீங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அது ரெண்டு வேனுக்கு ஆயிடும்."

மூச்சிரைக்க ஓடிவந்த மணியைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்தவத்சலம் சிரித்தார். செங்கல்பட்டில் பழைய டெம்போ ஓட்டி, புது வேனுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. மனைவியின் தம்பி கேட்டான் என்று தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

"இன்னா மச்சான், லாட்டரியா?"

"ஷேர் மாமா. எக்சிட் போல் பாத்தீங்க இல்ல? டெல்லியில ஒரே கட்சிக்கு முழு மெஜாரிட்டின்னு வந்துகீது. அப்போ அடுத்த பட்ஜெட்ல ரோடு, ரயிலு, துறைமுகம்னு கொட்டுவாங்க. ரோடு போடற கம்பெனி ஷேரு காலையிலேர்ந்து ஏறிக்கினே கீது. நாளைக்கு ரிசல்ட் வந்தா ராக்கெட்டுதான்."

"வோட்டுப் போட்டுட்டு வர்றவனை நிக்க வச்சுக் கேக்கறதுதானே எக்சிட் போலு? அவன் நெசம் சொல்வான்னு இன்னா நிச்சயம்?"

"லட்சக்கணக்கான பேரைக் கேட்டுகீறாங்க மாமா. அத்தினி பேருமா பொய் சொல்லுவான்? அந்த சர்வேக்கு நானே வேலை பாத்தேன். மகாபலிபுரம் பக்கம் நாலு பூத். உள்ள இருந்தவன் சொல்றேன், நம்புங்க."

"ஆமாங்க, அன்னிக்கு வூட்டுக்கு வரும்போது காலெல்லாம் மணலு. பாவம், ஏப்ரல் வெயில்ல அலைஞ்சிருக்கான்" என்று வசந்தா தம்பிக்குப் பரிந்து பேசினாள்.

"அத வுடுக்கா. மாமா, நான் என் பைக்கையே வித்துப் போட்டுட்டேன்."

பக்தவத்சலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தினமும் குழந்தையைத் துடைப்பதுபோல் மணி துடைத்த பைக் அது. சொந்தக் காசைப் போட்டவன் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்து மணியின் கணக்குக்குப் பணத்தை அனுப்பினார்.

அன்று மார்க்கெட் மூடும் வரை ஷேர் ஏறியது. அவர் வேனுக்கு நிறம்கூட முடிவு செய்துவிட்டார். வெள்ளை வேண்டாம், நீலம்.

மறுநாள் காலை டி.வி. முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். நேரம் போகப் போக மெஜாரிட்டி கைக்கு எட்டாமல் நழுவியது. "இனி கூட்டணி ஆட்சிதான். தோள் கொடுக்கிறவர்கள் கேட்கிற சலுகைக்கே பட்ஜெட் போய்விடும், ரோட்டுக்கு என்ன மிஞ்சும்?" என்று டி.வி.யில் ஒருவர் கையை விரித்தார். ரோடு கம்பெனி ஷேர் மளமளவென்று சரிந்தது. போட்ட பணத்தில் கால்வாசி மதியத்துக்குள் கரைந்துவிட்டது. இனி வேன் அட்வான்ஸுக்கு எட்டாது.

"இன்னா ஜனம்யா இது. சொல்லிவச்ச மாதிரி எல்லாரும் பொய் சொல்லிகீறானுங்களே" என்றார் பக்தவத்சலம்.

டி.வி.யையே வெறித்துக்கொண்டிருந்த மணி மெதுவாகச் சொன்னான்.

"ஜனங்க பொய் சொல்லல மாமா. நான் ஒருத்தன்தான் யாரையும் கேக்காம சவுக்குத் தோப்புல குந்திக்கினு சர்வே பாரம் எல்லாத்தையும் நானே டிக் பண்ணிட்டு வந்தேன்னு நெனச்சேன். சர்வேக்குப் போன அத்தினி பேருமா அதே மாதிரி பண்ணியிருப்பானுங்க?"