பதின்மூன்றாவது மாணவன்

“வெரல ஒடிங்கடா! அதாலதான தட்டுனான்?”

பழனிச்சாமி கத்தியதும் அவன் கையாட்கள் ஜோஜோவும் ஜினோவும் அருண்பாண்டியின் வலது கையை இழுத்து ஜீப் பானெட்டின்மேல் வைத்து அமுக்கினார்கள். ஏற்கெனவே அவனுக்கு உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி, சட்டையெல்லாம் ரத்தம். பட்டப்பகலில் மாட்டுப்பட்டிக்கு ஜீப் ஏற வந்த டூரிஸ்டுகள் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடிவிட்டார்கள்.

“நா எழுதலண்ணே. சத்தியமா எழுதல.”

“பின்ன ஒங்கப்பனா எழுதுனான்?” பழனிச்சாமி ஜாக்கி லிவரை ஓங்கி அவன் முழங்காலில் ஒன்று போட்டான்.

விஷயம் இதுதான். எந்த ஜீப்புக்கு எப்போது முறை என்பது ஸ்டாண்டுத் தலைவர் பழனிச்சாமியின் நோட்டில் இருக்கும். சாயங்காலம் ஆனால் நோட்டும் அவனோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்தவன் முறையில் தன் வண்டியை நுழைப்பது அவனுக்குக் கைவந்த கலை.

போன வாரம் யாரோ ஒரு புரோகிராம் எழுதி, அந்த நோட்டை அப்படியே எல்லார் போனிலும் ஏற்றிவிட்டார்கள். தலைவர் ஒரே மாதத்தில் பதினாறு தடவை முறை திருடியதைச் சிவப்பு எழுத்தில் அது காட்டியது. திருடிப் பிடிபட்டவனுக்கு வரும் கோபம் நியாயஸ்தனுக்குக்கூட வராது.

“கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போன டிரைவரு இவன் ஒருத்தந்தான தலைவரே,” என்று ஜோஜோ எடுத்துக் கொடுத்தான்.

அது உண்மைதான். அருண்பாண்டிக்கு நாற்பத்தொரு வயது. மலைப்பாதையில் ஓட்டி ஓட்டி முதுகில் டிஸ்க் நழுவிவிட்டது. ஜீப்பை விடாவிட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எஸ்டேட் பெண்களுக்காகப் பஞ்சாயத்து ஹாலில் பின்சி டீச்சர் நடத்திய புரோகிராமிங் வகுப்பில், கெஞ்சிக் கூத்தாடி ஓர் இடம் வாங்கினான். பன்னிரண்டு பெண்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களும் அதில் உண்டு. பதின்மூன்றாவதாக இவன். ஸ்டாண்டே சிரித்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஆறு மாதம் போனான்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தட்ட வேண்டும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி கூப்பிடும் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை.

“அண்ணே, வெள்ளிக்கெழம பரீட்சைண்ணே. கைய மட்டும் விட்டுருங்க. கால வேணும்னா ஒடிச்சுக்கங்க.”

“அப்ப எழுதுனது எவன்? பேரச் சொல்லு, ரெண்டு கையோட வீட்டுக்குப் போ.”

அருண்பாண்டி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழனிச்சாமியின் மனைவி ராமலட்சுமி வந்தாள், கையில் புருஷனுக்குச் சோத்துத் தூக்கு. நேற்று வாங்கிய அறையில் அவள் கன்னம் கன்றியிருந்தது. தலைவர் வீட்டில் அது வாரம் இரண்டு முறை நடப்பதுதான்.

அருண்பாண்டி அவளைப் பார்த்தான். திறந்த வாயை மூடினான். எச்சிலோடு ரத்தத்தையும் விழுங்கினான்.

“நாந்தேன்ணே,” என்றான். “நாந்தேன் எழுதுனேன்.”

“அப்பிடி வா வழிக்கு!”

லிவர் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. அருண்பாண்டி போட்ட அலறலில் ஜினோ பயந்துபோய்க் கையை விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை போச்சு என்று அந்த வலியிலும் நினைத்துக்கொண்டு அருண்பாண்டி குழந்தை மாதிரி அழுதான்.

“இடது கையையும் வைங்கடா!”

தூக்கு கீழே விழுந்து சோறு சிதறியது. ராமலட்சுமி பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போயிருங்க மதினி,” என்று அருண்பாண்டி கெஞ்சினான். “ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன், போயிருங்க.”

“பொம்பளைக்கு இங்க என்னடி வேல?” பழனிச்சாமி லிவரை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் போகவில்லை. தன் வலது கையை அந்த ரத்தத்தின்மேல் விரித்து வைத்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“எழுதுனது நாந்தேன், ஒடிங்க.”